சின்னப்பிள்ளை இறந்தது எந்த மாதம்?

குணசேகரன் வீட்டுக் கூடத்தில் ஒரு பலாப்பழம் ஆறு நாளாக உட்கார்ந்திருந்தது. அதை வெட்டலாம் என்று சொல்லவும் அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை, தூக்கித் தூரப் போடலாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பழம் யாரையும் கேட்காமல் பழுத்து, வீடு முழுக்க மணத்துக்கொண்டிருந்தது. அது வந்த கதையையும் வெட்டுப்பட்ட கதையையும் சொல்கிறேன். நல்லபடியாகத்தான் முடிகிறது, பயப்படாமல் கேளுங்கள்.

பழம் வந்தது பூத்தட்டோடு. திருவரங்குளத்துப் பக்கம் கடலை விவசாயம் பார்க்கிற குணசேகரனின் மகள் அருணாவுக்கும், ஆலங்குடிக்குக் கிழக்கே தென்னந்தோப்பு வைத்திருக்கிற திருமுருகனின் மகன் கவியரசனுக்கும் பேச்சு முடிந்து, வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வந்திருந்தார்கள். கவியரசன் கத்தாரில் ஏசி மெக்கானிக். நாற்பது நாள் லீவில் வந்தவனுக்கு இன்னும் இருபத்தோரு நாள் மிச்சம். இப்போது விட்டால் அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து.

அவர்கள் இருவருக்கும் எப்படிப் பழக்கம் என்று கேட்பீர்கள். அருணா ஆலங்குடியில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள். போன லீவில் கவியரசன் தன் அம்மாவுக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்க அங்கே வந்தான். இறந்தவர் பெயர், இறந்த தேதி, இறந்த இடம் என்று அவள் கேட்கக் கேட்க அவன் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் கேட்பதை நிறுத்திவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். நடந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் ஆதார் அட்டையில் திருத்தம் செய்ய மூன்று தடவை வந்தான். திருத்துவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

சரி, பூ வைக்க வந்த அன்றைக்கு வருவோம். காப்பி குடித்தாகிவிட்டது. பெண்கள் உள்ளே அருணாவுக்குச் சேலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். திருமுருகன் கை கழுவ எழுந்தவர், சுவரில் மாட்டியிருந்த பழைய போட்டோவைப் பார்த்து நின்றுவிட்டார்.

அது சாவு வீட்டில் எடுத்த போட்டோ. நடுவில் நாற்காலியில், மாலை போட்டு, கண் மூடி உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தவள் சின்னப்பிள்ளை. அருணாவுக்குப் பூட்டி, குணசேகரனின் அப்பாவைப் பெற்றவள். சுற்றிலும் வீட்டு ஆட்கள். போட்டோவைச் சுற்றி முட்டை வடிவத்தில் கத்தரித்த கறுப்பு அட்டை வைத்துச் சட்டம் போட்டிருந்ததால், ஓரத்தில் நின்றவர்களுக்குப் பாதி உடம்புதான் தெரிந்தது.

"அட! இது எங்க அப்பா இல்ல?" என்றார் திருமுருகன். சந்தோஷத்தில் அவர் குரல் வாசலுக்குக் கேட்டது. "டேய் கவி, இங்கிட்டு வா! ஒங்க அய்யாவைப் பாருடா!"

கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்த திருப்பதி எழுந்து வந்தார். குணசேகரனுக்குச் சித்தப்பா அவர். சின்னப்பிள்ளையின் கடைசி மகன். அந்த வீட்டில் இப்போது பெரிய தலை அவர்தான்.

"யாரைச் சொல்றீக சம்மந்தி?"

"இந்தா, இந்த ஓரத்துல நிக்கிறாரு பாருங்க. கருப்பன். எங்க அப்பா. மூக்கைப் பாருங்க, அப்படியே எனக்கு ஒட்டி வச்சிருக்காரு."

திருப்பதி பார்த்தார். மூக்கைப் பார்க்கவில்லை. தலையைப் பார்த்தார். வழுவழு என்று மொட்டை.

"இந்த மொட்டையா ஒங்க அப்பா?"

"ஆமாங்க."

திருப்பதி மெதுவாகப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். "அப்ப இந்தக் கல்யாணம் நடக்காது, தம்பி" என்றார்.

'சம்மந்தி' என்று கூப்பிட்ட வாய் 'தம்பி' என்றதும் எல்லோரும் திருமுருகனைத் திரும்பிப் பார்த்தார்கள். விஷயம் புரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. ஒரு சாவுக்கு மொட்டை போடுகிறவர்கள் மகன்களும் பங்காளிகளும்தான். வேற்று ஆள் எவ்வளவு அழுதாலும் தலைமுடியைக் கொடுக்க மாட்டான். கருப்பன் மொட்டையோடு நிற்கிறான் என்றால் அவன் பங்காளி. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. போதாததற்கு இரண்டு வீட்டுக்கும் குலசாமியும் ஒன்றுதான். அந்தச் சாமியைக் கும்பிட ஏழு வகையறா உண்டு, வகையறா வேறாக இருந்தால் பெண் கொடுத்து எடுக்கலாம் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"நாங்க வேற வகையறாங்க" என்றார் திருமுருகன்.

"வாயி ஆயிரம் சொல்லும் தம்பி. போட்டோ பொய் சொல்லுமா?"

"எங்க அப்பா தைப்பூசத்துக்குப் பழனி போற ஆளுங்க. அங்க போட்ட மொட்டையா இருக்கும்."

"பூசம் தையில வருது. எங்க ஆத்தா செத்தது ஆடியில."

"ஆடிதானா? நல்லா தெரியுமா?"

"என்னய்யா கேக்குறீரு? வருசா வருசம் ஆடி அமாவாசைக்குத்தான எங்க ஆத்தாவுக்குப் படைக்கிறோம்! நான் பத்து வயசுல இருந்து படைக்கிறேன்!"

பூத்தட்டு வந்த வழியே திரும்பியது. பலாப்பழம் மட்டும் கூடத்தின் மூலையிலேயே நின்றுவிட்டது. கொண்டுவந்த பழத்தைத் திருப்பித் தூக்கிப் போக அவர்களுக்குக் கூச்சம். வேண்டாம் என்று எடுத்துக் கொடுக்க இவர்களுக்குக் கூச்சம்.

சாயங்காலம் கவியரசன் போன் செய்தான்.

"அருணா, என்ன செய்ற? தங்கச்சின்னு கூப்பிடணுமாம்ல இனிமே?"

"கூப்பிட்டுத்தான் பாரேன். செருப்பு பிஞ்சிரும்."

"சரி சரி." அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "இருபத்தோரு நாள்தான் இருக்கு அருணா. என்ன செய்யப் போறோம்?"

"ஊருல இருக்கிற செத்தவங்களுக்கெல்லாம் சான்றிதழ் எடுத்துக் குடுக்கிறேன். எங்க பூட்டிக்கு எடுக்க மாட்டேனா? அவங்க என்னைக்குச் செத்தாங்கன்னு காயிதம் சொல்லட்டும். ஆடின்னா நான் அழுதுட்டுப் போறேன். தையின்னா ஒங்க அய்யா பழனிக்குப் போயிட்டு வந்தவருதான்."

திங்கட்கிழமை காலை அருணா வேலைக்கு அரை நாள் லீவு சொன்னாள். கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் நேற்று முந்தாநாள் செத்தவர்கள் கணக்கு என்று அவளுக்கே தெரியும். வி.ஏ.ஓ. ஆபீசில் கேட்டாள். பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகள் எல்லாம் தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமுக்குப் போய்விட்டன என்றார்கள். தாலுகா ஆபீசில் மனு எழுதிக் கொடுத்தாள். ரெக்கார்டு ரூமில் இருந்தது வனிதா. இருவரும் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள்தான்.

"எந்த வருசம்?" என்றாள் வனிதா.

"தெரியலக்கா. எங்க அய்யாவுக்கு அப்ப பத்து வயசாம்."

"இப்ப என்ன வயசு?"

"எழுபதுங்கிறாரு. ஆதார்ல எழுபத்தி மூணு. பள்ளிக்கூடத்து டிசியில அறுபத்தெட்டு."

"நல்ல வேளை, பொறந்தாருங்கிறது மட்டும் உறுதி" என்றாள் வனிதா. "சரி, ஒரு ஆறு வருசத்துப் புத்தகம் எடுப்போம். மாசமாச்சும் தெரியுமா?"

"ஆடி."

"அப்ப வேலை சுளுவு."

சுளுவாக இல்லை. புத்தகங்கள் தலையணை கனத்தில், காலிகோ துணி அட்டை போட்டு, அந்துருண்டை வாசத்தோடு இருந்தன. ஊர் ஊராகப் பிரித்து, ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வரி. தேதி, பெயர், ஆணா பெண்ணா, வயது, தகப்பன் அல்லது புருஷன் பெயர், என்ன வியாதி. மை பழுப்பாகிப் போயிருந்தது. வனிதா விரலை வைத்துப் படிக்க, அருணா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு சின்னப்பிள்ளை இருந்த காலம் அது. முதல் நாள் மட்டும் மூன்று சின்னப்பிள்ளைகள் கிடைத்தார்கள். ஒருத்திக்கு எண்பது வயது. ஒருத்தி கைக்குழந்தை. மூன்றாமவள் கணக்குக்கு ஒத்து வருவாள் போலிருந்தது, அருணா புத்தகத்தின்மேல் குனிந்தாள். புருஷன் பெயர் வேறு. அருணாவின் பூட்டன் பெயர் அடைக்கலம்.

செவ்வாய் முடிந்தது. புதனும் முடிந்தது. ஆறு வருடத்து ஆடி மாதத்தையும் அலசியாயிற்று. அடைக்கலத்தின் சின்னப்பிள்ளை எந்த ஆடியிலும் சாகவில்லை.

வீட்டில் பலாப்பழம் மணக்கத் தொடங்கியிருந்தது. அருணாவின் அம்மா சுகுணா அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினாள். சாக்கும் சேர்ந்து மணத்தது.

"பழத்தை என்னதான் செய்றது?" என்றாள் சுகுணா பொதுவாக.

"கண்ணுல படாத எடத்துல வைங்க" என்றார் திருப்பதி. "மூக்குல படாத எடத்துலயும் வைங்க." அவருக்குப் பலாப்பழம் என்றால் உயிர். பாவம், அவரும் நன்றாகச் சாப்பிட்டு மூன்று நாளாகியிருந்தது. பேத்தியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தோட்டத்திலேயே கிடந்தார். அவருக்கென்ன ஆசையா, பிள்ளைகளைப் பிரிக்க? முறை தவறிப் போய் நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால், பார்த்துக்கொண்டிருந்த பெரிய மனுஷன் அவர்தானே.

வியாழக்கிழமை அருணா ரெக்கார்டு ரூமுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாள். "பதியாம விட்டுட்டாங்க போலக்கா. அப்பல்லாம் எத்தனையோ சாவு எழுதாமலே போயிருக்குமாம்ல."

வனிதா டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாயில் சோற்றோடு நிமிர்ந்தாள்.

"ஏய், ஆடின்னு யாரு சொன்னா?"

"எங்க அய்யா. ஆடி அமாவாசைக்குத்தான படைக்கிறோம்."

"அடி கூறுகெட்டவளே! எங்க வீட்டுல எங்க அப்பா, மாமியா, மாமியாளுக்கு மாமியா, எல்லாருக்கும் ஆடி அமாவாசைதான். எவருக்கும் செத்த திதி தெரியாது, மொத்தமா ஒரு நாளு. அதுக்காக அம்புட்டுப் பேரும் ஆடியிலயா செத்தாக?"

அருணா அவளையே பார்த்தாள். தன் வீட்டுக்காரர்கள் அறுபது வருடமாகப் படைக்கிற நாளையே சாவு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்! பத்து வயதில் அம்மாவை இழந்த பிள்ளைக்கு அண்ணன் ஒரு நாளைக் காட்டியிருக்கிறான். பிள்ளை அதையே பிடித்துக்கொண்டது.

"கையைக் கழுவுங்கக்கா" என்றாள் அருணா.

"சாப்பிட விடுடி!"

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்குச் சின்னப்பிள்ளை கிடைத்தாள். வனிதாவின் விரல் ஒரு வரியில் நின்றது. 20-1-1965. சின்னப்பிள்ளை. பெண். வயது 36. கணவர் அடைக்கலம். காய்ச்சல்.

"ஜனவரி இருபதுன்னா?" என்றாள் அருணா. விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.

"தை ஏழு" என்றாள் வனிதா. "இரு, நீ சொன்ன அந்தப் பூசம் என்னைக்குன்னு பாப்போம்." செல்லில் அந்த வருடத்துக் காலண்டரைத் தேடி எடுத்தாள். "தை நாலு. மூணு நாளைக்கு முன்னாடி! ஏய், கல்யாணத்துல என்னைய மொதப் பந்தியில ஒக்கார வைக்கணும், சொல்லிட்டேன்!"

அருணா சிரித்தாள். ஆனால் கண் அந்த வரியைவிட்டு நகரவில்லை. முப்பத்தாறு வயது. சுவரில் பார்க்கும்போதெல்லாம் கிழவி என்று நினைத்திருந்தாளே, தன்னைவிட ஒன்பது வயதுதான் மூத்தவள். அந்தப் பெயர்மேல் ஒரு தரம் விரலை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

நகலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். திருப்பதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். கல்யாணத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"தையிலயா செத்துச்சு எங்க ஆத்தா?" என்றார். "அறுபது வருசமா தப்பான நாளுலயாடி சோறு போட்டிருக்கேன்?"

அருணா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அமாவாசைக்கு எல்லாருக்கும்தான் எலை போடுறோம் அய்யா. கூட்டத்தோட கூட்டமா அவங்களும் வந்து சாப்பிட்டிருப்பாங்க. வேணும்னா இனிமே தையில ஒண்ணு கூடுதலாப் போடுவோம்."

அது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப கல்யாணம்?" என்று கேட்டே விட்டார் குணசேகரன்.

"பூசத்துக்கு மூணு நாள் கழிச்சுத்தான்ங்கிறது சரி. ஆனா அந்தாளு பழனிக்குப் போனாருன்னு யாரு கண்டா? பங்காளியாவும் இருக்கலாம்ல? நெஞ்சுல கை வச்சுச் சொல்லணும்டா, எனக்கு இன்னும் தெளியல." திருப்பதி எழுந்து போய்ப் போட்டோவைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "மொதல்ல ஆத்தா போட்டோவுல இந்தத் தேதியை எழுதணும். ஒரு தேதி இல்லாமத் தொங்குது" என்றார்.

சனிக்கிழமை காலை தாத்தாவும் பேத்தியும் போட்டோவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆலங்குடிக்கு பஸ் ஏறினார்கள். கோபிநாத் என்பவர் அங்கே கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். அவர் போட்டோவைக் கவிழ்த்து, துருப்பிடித்த ஆணிகளைக் குறடால் பிடுங்கி, பின்பலகையை எடுத்தார்.

"இந்த முட்டை அட்டை செல்லரிச்சுப் போச்சு பெரியவரே. எடுத்துட்டு முழுப் போட்டோவும் தெரியிற மாதிரி போட்டுரவா? ஓரத்துல நெறைய மறைஞ்சு கெடக்கு."

"போடுங்க."

கோபிநாத் அட்டையை உரித்தார். அறுபது வருடமாக வெளிச்சம் படாத மூலைகள் மட்டும் நேற்று எடுத்தது போலப் பளிச்சென்று இருந்தன. ஒரு மூலையில் கோழி. ஒரு மூலையில் யாரோ விட்டுப்போன செருப்பு. வலது பக்க ஓரத்தில், கருப்பனின் இடுப்பில், ஒரு குழந்தை.

அருணாதான் முதலில் பார்த்தாள். "அய்யா, இங்க பாருங்க."

ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை. கேமராவை முறைத்துக்கொண்டிருந்தது. தலை மொட்டை. மொட்டையில் பூசின சந்தனம் காய்ந்து திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது.

திருப்பதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். "பச்சைப் புள்ளைக்கு எவன் சாவுக்கு மொட்டை போடுவான்?" என்றார் தனக்குள்ளே. "அதுவும் சந்தனம் வேற..."

கோபிநாத்துக்கு ஒன்றும் தெரியாது, பாருங்கள். அவர் பாட்டுக்குப் போட்டோவைத் துணியால் தட்டிக்கொண்டே, "இந்தப் பையன் யாரு? எண்ணெய் வச்சு வகிடு எடுத்து ஜம்முனு நிக்கிறானே?" என்றார்.

"அது நாந்தான்" என்றார் திருப்பதி.

"நீங்களா! நாற்காலியில இருக்கிறது?"

"எங்க ஆத்தா."

"ஆத்தா செத்ததுக்கு ஒங்களுக்கு மொட்டை போடலையா?"

"போடாமயா! சுடுகாட்டுலதான்யா போடுவாக. நாவிதரைக் கண்டு நான் ஓட, எங்க அண்ணன் வெரட்டிப் பிடிச்சு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றார். போட்டோவில் தன் தலையைப் பார்த்தார். முடி இருந்தது. பக்கத்தில் நின்ற அண்ணன் தலையைப் பார்த்தார். சுருட்டை முடி, நெற்றியில் விழுந்துகொண்டிருந்தது. பின்னால் நின்ற பங்காளிகள் நான்கு பேர் தலையிலும் முடி. பிணம் இன்னும் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை. பெற்ற பிள்ளைகளுக்கே மொட்டை போடாத நேரத்தில், ஒருத்தன் மட்டும் மொட்டையோடு நிற்கிறான்!

"அட கூமுட்டை!" என்றார் திருப்பதி. கோபிநாத் பயந்துபோனார். "ஒங்களை இல்லய்யா, என்னைய! அறுபது வருசமா தெனம் பாக்குறேன். எல்லாத்தையும் பாத்தேன், என் தலையை மட்டும் பாக்கலையே!"

அருணாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கடை ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"போனைப் போடு ஆத்தா" என்றார் திருப்பதி. "சம்மந்திக்குப் போடு."

திருமுருகன் தோப்பில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார்.

"சம்மந்தி, ஒங்களுக்கு மொத மொட்டை எங்க போட்டாக?"

"யாரு பேசுறது?" 'சம்மந்தி' என்று கேட்டதில் அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

"திருப்பதி பேசுறேன். மொட்டை எங்கன்னு சொல்லுங்க முதல்ல."

"பழனியிலதாங்க. தைப்பூசத்துக்கு. வேண்டிப் பெத்த புள்ளைன்னு அப்பாவும் சேர்ந்து போட்டுக்கிட்டாராம். எனக்கு பத்து மாசம்னு எங்க ஆத்தா சொல்லும். ஏங்க?"

"வர்ற வழியில ஏதாச்சும் கேத வீட்டுக்குப் போனதாச் சொல்லியிருக்காகளா?"

திருமுருகன் யோசித்தார். "ஆமா, பஸ்ஸைவிட்டு எறங்குனதும் சேதி கேட்டு, வீட்டுக்குக்கூடப் போகாம ஓடுனாராம். கடலை வண்டி கட்டுறதுல அவருக்கு ஒரு கூட்டாளி, அந்தாளு சம்சாரம் தவறிட்டாகன்னு. அடைக்கலம்னு பேரு சொல்லுவாரு."

"அது எங்க அப்பாதான்யா!" திருப்பதியின் குரல் உடைந்தது. "ஒங்க அப்பா ஒங்களையும் தூக்கிக்கிட்டுத்தான் வந்திருக்காரு. எங்க வீட்டுச் சுவத்துல அறுபது வருசமா அட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னிருக்கீரு! நாளைக்கே பூவை எடுத்துக்கிட்டு வாங்க. பழம் பழுத்துப் போச்சு, இதுக்கு மேல தாங்காது."

ஞாயிற்றுக்கிழமை மறுபடி பூத்தட்டு வந்தது. புதுச் சட்டம் போட்ட போட்டோவுக்கு முன்னால்தான் கூட்டம். கீழே, 'மறைவு: 20-1-1965, தை 7' என்று வெள்ளை எழுத்து. திருமுருகன் தன் குழந்தை முகத்தை உற்று உற்றுப் பார்த்தார். அவருக்கு இப்போது காதோரம் மட்டும்தான் முடி.

"அப்பா, அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கீங்க" என்றான் கவியரசன். "சந்தனம் ஒண்ணுதான் கொறச்சல்."

"சிரிடா, சிரி. மூக்கு மட்டுமில்ல, இந்தத் தலையும் ஒனக்குத்தான் வரப் போகுது."

"அருணா, கேட்டுக்க. பின்னாடி ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது."

"அதான் போட்டோவுலயே பாத்துட்டேனே" என்றாள் அருணா. "கொழந்தை அழகாத்தான் இருக்கு."

ஐந்தாம் நாள் முகூர்த்தம் என்று முடிவாயிற்று. கவியரசனுக்கு அதற்குப் பிறகும் ஒன்பது நாள் லீவு இருக்கும். வனிதா போன் செய்து முதல் பந்தியை நினைவுபடுத்தினாள்.

சுகுணா கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்தாள். உள்ளே சுளைகள் பொன்னாக, சொட்டச் சொட்ட இருந்தன. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் குழைந்திருக்கும். தட்டு சுற்றி வந்தபோது திருப்பதி முதல் இரண்டு சுளையை எடுத்தார். ஏழு நாளாக வாசம் மட்டும் பிடித்துக்கொண்டிருந்த மனுஷன், இப்போது வாயில் போட்டுக்கொள்வார் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

அவர் எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் சுளைகளை வைத்து, போட்டோவுக்குக் கீழே இருந்த பலகையில் வைத்தார்.

"தை வரைக்கும் இருக்க வேணாம் ஆத்தா" என்றார். "இப்பவே சாப்பிடு."